ஐந்து டாலர் மனு

ஆர்கன்சா சிறையில் ஆர்லிஸ் பெட்டிகுரூவுக்கு அது இருபத்தாறாவது வருடம். அதில் பத்தொன்பது வருடம் சிறை நூலகத்தில் குமாஸ்தா வேலை. சம்பளம் என்று காலணா கிடையாது, அங்கே எந்தக் கைதிக்கும் கிடையாது. ஆனால் மற்றவர்கள் வெயிலில் சோயா வயலில் களை கொத்தும்போது, இவர் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து பிறத்தியாருக்கு மனு எழுதுவார். எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். வாய்தான் கொஞ்சம் நீளம்.

அவர் கைதேர்ந்தது ஆட்கொணர்வு மனுவில். மாநிலக் கோர்ட்டுகளெல்லாம் கைவிரித்த பிறகு, 'என்னை உள்ளே வைத்திருப்பதே சட்டப்படி தப்பு' என்று மத்திய கோர்ட்டில் கேட்கிற கடைசி மனு அது. ஒரு வருடம் கெடு. அதற்குள் போடாவிட்டால் போனது போனதுதான். கட்டணம் ஐந்து டாலர். அதுவும் இல்லாதவனுக்குக் கட்டண விலக்குப் படிவம் உண்டு. கைதியின் கணக்கில் இன்று எவ்வளவு இருக்கிறது, ஆறு மாதமாகச் சராசரி எவ்வளவு வந்தது என்று கணக்குப் பிரிவில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவார்கள்.

இதில் ஆர்லிஸ் ஒரு குறுக்குவழி வைத்திருந்தார். கையெழுத்து வாங்குவதற்கு முன்பு, இருக்கிற காசுக்கெல்லாம் கேண்டீனில் சூப் பாக்கெட்டும் காப்பித்தூளும் வாங்கிக் கணக்கைத் துடைத்துவிட வேண்டும். பழைய நீதிபதி இருப்பு பூஜ்யமா என்று மட்டும்தான் பார்ப்பார். சராசரிப் பக்கம் கண்ணை ஓட்டவே மாட்டார். ஆர்லிஸ் அனுப்பிய படிவம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அந்தத் தலைக்கனம் அவருக்கு நிறையவே இருந்தது.

லாமர் குட்லோ அவரிடம் வந்தபோது கெடு முடிய மூன்று வாரம் இருந்தது. நாற்பத்தொரு வயது, லாரி டிரைவர், கொள்ளை வழக்கில் முப்பது வருடத் தண்டனை. கொள்ளை நடந்த நேரத்தில் அவன் லாரி அறுபது மைல் தள்ளி எடைமேடையில் நின்றது. நேரம் அடித்த சீட்டு இருந்தது. அவனுடைய வக்கீல் அந்தச் சீட்டைக் கோர்ட்டில் காட்டவே இல்லை.

"இந்த லட்சணத்துல அந்த வக்கீலுக்குக் காசு வேற குடுத்தியா?" என்றார் ஆர்லிஸ்.

"அரசாங்கம் குடுத்த வக்கீல், பெருசு."

"அதான பாத்தேன். சரி, உன் கணக்குல எவ்வளவு இருக்கு?"

"நூத்திநாப்பது. அக்கா மாசாமாசம் அறுபது அனுப்புவா."

"அத்தனையும் செலவழி. கணக்குப் பிரிவு மிஸ் வெர்னெல் கையெழுத்துப் போடறப்ப ஒரு சென்ட் இருக்கக் கூடாது."

"அஞ்சு டாலர்தான? கட்டிட்டுப் போறேனே."

"டேய், நீ லாரி ஓட்டு. மனு எழுதறத நான் பாத்துக்கறேன்."

லாமர் சொன்னபடி செய்தான். கெடு முடிய பதினொரு நாள் இருக்கும்போது மனு போய்ச் சேர்ந்தது.

ஐந்தாவது வாரம் கோர்ட்டிலிருந்து உத்தரவு வந்தது. நீதிபதி மாறியிருந்தார். புது ஆள் சராசரியைப் பார்த்திருக்கிறார். மாதம் அறுபது டாலர் வருகிறவனுக்கு விலக்கு கிடையாது, முப்பது நாளில் ஐந்து டாலர் கட்டு, இல்லையென்றால் மனு தள்ளுபடி. தள்ளுபடியானால் திரும்பப் போட வழியில்லை, ஒரு வருடக் கெடு அதற்குள் தாண்டிவிட்டது.

லாமர் கணக்கில் ஒரு சென்ட் இல்லை. அக்கா வேலை பார்த்த கோழித் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அவள் போன் உபயோகத்தில் இல்லை. கடிதம் போட்டான், ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. அவகாசம் கேட்டு ஆர்லிஸ் கோர்ட்டுக்கு எழுதினார், பதிலே இல்லை. லாமரின் கட்டிலடியில் மட்டும் சூப் பாக்கெட் அடுக்கடுக்காக இருந்தது.

"பார்சல் கட்டி ஜட்ஜுக்கே அனுப்பிடு. குளிருக்கு நல்லாருக்கும்" என்றான் பக்கத்துக் கட்டில்காரன்.

"தப்பு என்னுது" என்றார் ஆர்லிஸ்.

"தெரியும்" என்றான் லாமர். அவன் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட ஆர்லிஸுக்குச் சோறு இறங்கியிருக்கும்.

ஆர்லிஸ் கணக்கில், உள்ளே வரும்போது கொண்டுவந்ததில் மிச்சமாக இருநூற்றுப் பன்னிரண்டு டாலர் இருந்தது. ஆனால் ஒரு கைதி இன்னொரு கைதிக்காகக் காசு கட்டுவது அங்கே குற்றம். மாட்டினால் நூலக வேலை போய்விடும். அந்த வேலையைத் தவிர அவருக்கு என்ன இருந்தது? ஒன்றும் இல்லை. எட்டு நாள் வெட்கத்தோடும் பயத்தோடும் கட்டிலில் புரண்டார். முப்பது நாள் கெடு முடிய ஆறு நாள் இருக்கும்போது பணம் எடுக்கும் சீட்டை நிரப்பினார். கோர்ட் பெயருக்கு ஐந்து டாலர், கீழே லாமரின் வழக்கு எண்.

கணக்குப் பிரிவு ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த மிஸ் வெர்னெல் சீட்டை வாங்கிப் பார்த்தார். "என்ன ஆர்லிஸ், இத்தன வருசம் கழிச்சு நீங்களும் மனு போடறீங்களா?"

"கோர்ட்டுக்குத்தான் மேடம்" என்றார் ஆர்லிஸ். மிஸ் வெர்னெல் முத்திரை குத்தினார்.

பணம் போய்ச் சேர்ந்தது, மனு பிழைத்தது. ரசீது வந்தபோதுதான் வினை. அதில் லாமர் பெயர் இருந்தது, பணம் போனதோ ஆர்லிஸ் கணக்கிலிருந்து. தபால் பிரிவு அதிகாரி இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிட்டார். விசாரணை ஆறே நிமிடம்.

"இதுக்குக் குட்லோ உனக்கு என்ன குடுத்தான்?"

"ஒண்ணும் குடுக்கல சார்."

"அப்ப எதுக்குக் கட்டுன?"

"தப்பா யோசனை சொல்லிட்டேன். அதுக்கு."

அதிகாரி அதை நம்பவில்லை. ஆர்லிஸை நூலகத்திலிருந்து எடுத்துச் சமையல்கட்டில் பாத்திரம் கழுவப் போட்டார்கள். அச்சடித்த மாதிரி எழுதிய விரலெல்லாம் வெந்நீரில் வெடித்தது.

பதினான்கு மாதம் கழித்து லாமர் ஒரு கனத்த உறையோடு பாத்திரத் தொட்டிக்கு வந்து நின்றான்.

"தள்ளுபடி, பெருசு."

ஆர்லிஸ் குழாயை மூடினார். "பாவி. கட்டணத்தச் சாக்கு வெச்சா?"

"இல்ல. படிச்சிட்டு."

முப்பத்தொரு பக்கம் இருந்தது. ஆர்லிஸ் கையைத் துடைத்துக்கொண்டு நின்றபடியே புரட்டினார். ஒன்பதாம் பக்கத்தில் எடைமேடைச் சீட்டு வந்தது. சீட்டு உண்மையானது, அதைக் காட்டாதது வக்கீலின் தவறு, ஆனாலும் மற்ற சாட்சியங்களைப் பார்த்தால் தீர்ப்பு மாறியிருக்காது என்று எழுதியிருந்தது.

"அறுபது மைல் தள்ளி நின்னவன் எப்பிடிடா கொள்ளையடிப்பான்?" ஆர்லிஸ் அந்தப் பக்கத்தை விரலால் குத்தினார். "சீட்டு நெசம்னு அந்த ஜட்ஜே எழுதிட்டு, அடுத்த வரியில இப்பிடி எழுத எப்பிடி மனசு வந்துச்சு?"

"எனக்கும் வயிறு எரியுது. ஆனா ஏழு வருசமா அந்தச் சீட்ட ஒருத்தனும் கையில எடுத்துக்கூடப் பாக்கல, பெருசு." லாமர் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "லாரி அங்கதான் நின்னுச்சுன்னு இவன் எழுதியிருக்கான். அந்த வரிய மட்டும் சத்தமா வாசி. உன் வாயால கேக்கணும்."

சமையல்கட்டு அதிகாரி பாத்திரம் எங்கே என்று கத்திக்கொண்டிருந்தார். ஆர்லிஸ் அந்த வரியைச் சத்தமாக வாசித்தார்.