மடிக்கணினியை மூடிய பிறகும் வந்த பதிகங்கள்

ஒரு சர்வரிலிருந்து இன்னொரு சர்வருக்குக் கோப்புகளை நகலெடுக்கும் தொழிலில், கைக்கு வேலை குறைவு, மனத்துக்குத் தவிப்பு மிகுதி என்பதை என்னுடன் அவதியுறும் அன்பர்கள் அறிவீர்கள். மெர்லிமாவ் கோயிலில் பாடிவந்த ஓதுவார் மாணிக்கம் சிவபதம் அடைந்துவிட்டார். அவர் பாடிய பதிகங்களின் ஒலிப்பதிவுகள் கோயில் வெளியூரில் வாடகைக்கு எடுத்திருந்த பழைய சர்வரில் மட்டுமே இருந்தன. அதுவோ வெள்ளி மாலையுடன் நிறுத்தப்பட இருந்தது.

பொருளாளரின் கை

வியாழன் முற்பகல், கோயில் அலுவலகத்தில் அமர்ந்து நகலெடுக்கும் ஆணையை இட்டேன். பதிவுகள் ஒவ்வொன்றாகப் புதிய சர்வருக்குச் செல்லத் தொடங்கின. உச்சிப் பூசை முடிந்ததும், பொருளாளர் முனியாண்டி வழக்கம்போல் மெயின் சுவிட்சை இறக்கினார். கற்பூரத் தீயைவிட மின்சாரத் தீக்கு அஞ்சுபவர் அவர். வைஃபை போயிற்று. சர்வருடன் என் தொடர்பு அறுந்தது. நகலும் ஒரு பதிகத்தின் நடுவிலேயே நின்றது. நான் பதறியதைக் கண்டு அவர் சொன்னார்:

“சாமிக்கே லைட்ட அடைச்சிட்டுத்தான் போறேன், உங்க கம்ப்யூட்டர் என்ன பட்டம் வாங்குன பெரிய டத்தோவா?”

அறாத அமர்வு

மாலையில் நடை திறந்ததும் மீண்டும் அமர்ந்தேன், விடுவதாக இல்லை. இம்முறை பழைய சர்வருக்குள்ளேயே அறாத அமர்வு ஒன்றைத் திறந்து, அதனுள் ஆணையை இட்டேன். அவ்வமர்வு சர்வரிலேயே உயிர்த்திருப்பது. நம் தொடர்பு அறுந்தாலும் உள்ளே வேலை நடக்கும், எங்கிருந்தும் திரும்பப் புகுந்து பார்க்கலாம். இதையெல்லாம் விளக்கிவிட்டு மடிக்கணினியை மூடினேன். அருகிலிருந்த ஓதுவாரின் மனைவி ராஜம்மா திடுக்கிட்டார்.

“அண்ணே, மூடிட்டா எப்படி ஓடும்? அவரு குரலு எனக்கு வேற எங்கயும் இல்ல லா!”

பிரசாதம்

வெள்ளி காலை, உம்பாயில் என் வீட்டிலிருந்தே அமர்வினுள் புகுந்தேன். பதிவுகள் சென்றுகொண்டே இருந்தன. கோயிலுக்குப் போனால், முனியாண்டி தொன்னையும் கையுமாக வாசலில் நிற்கிறார்.

“ஐயா, நேத்து சாயந்திரமும் கைப்பழக்கத்துல அடைச்சிட்டேன், திட்டுறதா இருந்தா சர்க்கரைப் பொங்கல சாப்பிட்டுட்டுத் திட்டுங்க!”

இருமல்

பழைய சர்வர் நிற்பதற்குள் நகல் நிறைவுற்றது. இருபுறக் கோப்புகளையும் ஒப்பிட்டுச் சரிபார்த்தபின், முன்பு பாதியில் நின்ற அதே பதிகத்தைப் புதிய சர்வரிலிருந்து ஒலிக்கவிட்டேன். ராஜம்மா கைப்பேசியைக் காதோடு அணைத்துக்கொண்டார். பதிவின் இடையில் ஓதுவார் இருமினார். வேண்டுமானால் அதை நீக்கித் தருகிறேன் என்றேன்.

“பாட்டு ஊருக்கு, அண்ணே. இந்த இருமலுதான் எங்க வீட்டுச் சத்தம். அதுல கை வெச்சிடாதீங்க!”

நான் மூடிவைத்த பிறகும் வேலை நடந்ததைக் கண்டதால், எல்லாம் என்னால்தான் நடக்கிறது என்ற எண்ணத்தை மட்டும் நகலெடுக்காமல் பழைய சர்வரோடு விட்டுவிட்டேன்.