கரைக்கு மண் தந்த கை

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நாங்கள் வேதக்காரர்கள் வேறு, ஞாயிறு ஆராதனை தவறாத குடும்பம். இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கத்தான் செய்வீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் நடந்தது நடந்ததுதான்.

எழுபதுகளின் கடைசியில், சங்கரன்கோவிலுக்கு மேற்கே ஒரு பழைய குளத்தில் படகு விட்டு, கரையடியில் பூங்கா போட்டிருந்தார்கள். ஜமீன் காலத்துக்கும் முந்தைய மண்கரை அது. வாட்ச்மேன், படகுக்காரன், செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறவன், எல்லாம் நான்தான். கரைக்குக் கீழேயே ஓர் அறை வீடு. நான், மனைவி கிரேஸ், எங்கள் கைக்குழந்தை.

கரையின் நடுவில் ஓர் இடம். அதைத் தாண்டுகிற ஊர்க்காரர்கள் குனிந்து ஒரு பிடி மண் அள்ளி அங்கே போட்டுவிட்டுத்தான் போவார்கள். ஏன் என்று கேட்டால், "கரைக்குப் போடுதோம் அண்ணாச்சி" என்பதோடு சரி. போட்டுப் போட்டு இடுப்பளவு மேடாகியிருந்தது. படகைப் பார்க்க வருகிறவர்கள் உட்கார அங்கே சிமெண்டு பெஞ்சு வேண்டும் என்று புதிதாக வந்த ஓவர்சியர் மேட்டை வெட்டி ரோஜாப் பாத்திக்குக் கொட்டச் சொல்லிவிட்டார்.

அந்த ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு சாயங்காலம் பெஞ்சுக்கு நேர் கீழே தண்ணீர் கசிந்து கலங்கலாக ஓட ஆரம்பித்தது. கலங்கல் வந்தால் கரை உள்ளுக்குள் கரைகிறது என்று அர்த்தம். உடைந்தால் முதலில் போவது எங்கள் வீடு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடலாம் என்றால் வழியில் ஓடை நிரம்பிப் போகிறது. அவன் தொட்டிலில் தூங்கட்டும், நீ சட்டியில் மண்ணெடுத்துக்கொண்டு பின்னாலேயே வா என்று கிரேஸிடம் சொல்லிவிட்டு ஓடினேன்.

கசிகிற இடத்தில் நின்று மிதித்தேன். பின்னாலிருந்து சட்டி சட்டியாக மண் வந்துகொண்டே இருந்தது. மழைக்கு நான் தலையில் சாக்கைக் கவிழ்த்திருந்ததால் அவள் முகம் தெரியவில்லை, கை மட்டும்தான். வாங்குவேன், கொட்டுவேன், மிதிப்பேன். சீக்கிரம் என்று எரிந்து விழுந்தால் அடுத்த சட்டி வரும். ஒரே ஒரு தடவை, சட்டியை நீட்டும்போது மெதுவாகக் கேட்டாள்.

"பிள்ள எங்கன?"

"தொட்டில்லதான் தூங்குதான். ஏட்டி, மண்ணத் தா."

கசிவு நின்றது. திரும்பிப் பார்த்தால் ஆளில்லை. வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நானும் இறங்கி வந்தேன்.

கிரேஸ் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சேலையில் ஒரு சொட்டு ஈரமில்லை. நான் கிளம்பியதுமே அவன் முழித்து வீறிட்டு அழுதானாம், விட்டுவிட்டு வர மனசு வரவில்லையாம். மண்சட்டி மூலையில் காய்ந்து கிடந்தது.

ஆண்டவர்தான் ஆள் அனுப்பிக் கரையைக் காப்பாற்றினார் என்று கிரேஸ் இன்றைக்கும் சொல்கிறாள். இருக்கட்டும். மண் கொடுக்க வந்தது கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே, என் பிள்ளையை எதற்கு விசாரித்தது? கொடுத்த மண்ணுக்குப் பதிலாக அவனைக் கேட்கவா? நானும் இடத்தைச் சொல்லிவிட்டேனே.

அவனுக்கு இப்போது தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. நல்லபடியாக இருக்கிறான். எந்த ஊரில் என்று மட்டும் கேட்காதீர்கள், யார் கேட்டாலும் நான் சொல்வதில்லை.