உள்ளே வரும் வட்டம்

போன வாரம் கருவிப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு ஹோல்சாவை வெளியே எடுத்தேன். ட்ரில்லிங் மெஷினில் மாட்டிச் சுவரில் வட்டமாக ஓட்டை போடும், கிண்ணம் போன்ற ரம்பம் அது. கட்டட உள்வேலைப் பொறியாளரான நான் கருவிகளை அன்றன்றே துடைத்து வைப்பவள். இதை மட்டும் துடைத்ததில்லை. அதன் விளிம்பில் இருக்கும் வெள்ளைத் தூளில் பெரியம்மாவின் வாடிப்பட்டி வீட்டுச் சுவரும் இருக்கிறது.

அந்த வீட்டுக்குப் பூச்சு வேலை நடந்தபோது, பெரியம்மாவின் இளைய மகன் ஈரச் சுவரில் உள்ளங்கையை அழுத்திவிட்டு ஓடினான். தேய்த்து மூடப் போன கொத்தனாரைப் பெரியம்மா சிரித்துக்கொண்டே தடுத்தார். அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு அவன் இறந்துபோனான். பிறகு எப்போது வெள்ளையடித்தாலும் அந்த இடத்தை விட்டுவிட்டுத்தான் அடித்தார்கள். காலையில் வாசல் தெளித்துவிட்டு வரும் பெரியம்மா, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, குனிந்து அந்தச் சின்னக் கையின் மேல் தன் கையை ஒருகணம் வைத்து எடுப்பார். 

சாலையை அகலப்படுத்த அந்த வீட்டை இடிக்க வேண்டியதாயிற்று. பெரியம்மாவின் மூத்த மகனான அண்ணன், மதுரையில் தன் வீட்டு ஹாலை ஜிப்சம் போர்டால் தடுத்து அவருக்கு ஓர் அறை ஏற்பாடு செய்தார். பெரியம்மா எல்லாவற்றுக்கும் சரி என்றார். சாமான் கட்ட மட்டும் எழுந்திருக்கவில்லை. என்னைத் தனியே கூப்பிட்டு, "அவன அங்கன விட்டுட்டு நான் எப்படித்தா வாரது?" என்று கேட்டார்.

மறுநாள் மதுரை கோரிப்பாளையத்தில் ஒரு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். எஃகுப் பல் வைத்த ஹோல்சா ஜிப்சம் போர்டைச் சுலபமாக அறுக்கும். பூச்சு மணலில் மழுங்கிவிடும். கான்கிரீட்டுக்கான தடித்த பல், கடித்து ஓரத்தை உதிர்க்கும். பல்லில்லாமல் விளிம்பு முழுக்கச் சொரசொரப்பான துகள் பதித்தது மெதுவாகத் தேய்த்தே அறுக்கும், பூச்சு, போர்டு இரண்டையும். அதில் ஐந்து அங்குலம் கேட்டேன்.

"ஓட்டை எதுக்கும்மா, சிம்னிக்கா?" என்றார் கடைக்காரர்.

"ஓட்டை வேணாம்ணே. அறுத்ததும் உள்ள ஒரு வட்டம் வருதுல்ல, அதுதான் வேணும்."

"அதத் தூக்கித்தானம்மா போடுவாங்க."

கைத்தடத்தைப் பெயர்த்து மதுரை வீட்டில் பதிக்கப் போகும் விஷயத்தைச் சொன்னேன். ஹோல்சாவின் நடுவில் துருத்திக்கொண்டிருக்கும் துளைக்கும் பிட் அவன் உள்ளங்கையில் இறங்கிவிடும் என்றும் சொன்னேன். அவர் தானே அந்தப் பிட்டைக் கழற்றித் தனியே வைத்தார்.

நடுவில் வட்ட ஓட்டை போட்ட பலகையைச் சுவரில் பொருத்தி, ஹோல்சா நழுவாமல் அதற்குள் ஓடவிட்டேன். தூசியில் நிற்க வேண்டாம் என்று சொல்லியும் பெரியம்மா நகரவில்லை. பழைய பூச்சு செங்கல்லை விட்டுக் கழன்றிருந்ததால், மெல்லிய தகட்டை நுழைத்ததும் வட்டம் முழுசாகக் கைக்கு வந்தது. அறுத்த சூடு அதன் ஓரத்தில் இருந்தது. பெரியம்மா அதை வாங்கி, பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோலப் புறங்கையால் தொட்டார். சூடு ஆறும்வரை மடியிலேயே வைத்திருந்தார்.

மதுரை வீட்டில் அதை எங்கே பதிப்பது என்ற பேச்சு வந்தது. "போட்டோ மாதிரி கண்ணுக்கு நேரா வப்போம்மா. வர்றவங்க பாப்பாங்கல்ல?" என்றார் அண்ணன்.

"அவன் ஒசரத்துலயே இருக்கட்டும்ப்பா. நான் குனிஞ்சுக்கிர்றேன்."

அதே ஹோல்சாவால் ஜிப்சம் போர்டையும் அறுத்தேன். ரம்ப விளிம்பின் தடிமன் அளவுக்கு வட்டத்தைச் சுற்றி இடைவெளி விழுந்தது. பெயிண்டர்கள் பூசும் பட்டி வைத்து நிரப்பினேன். பெரியம்மா இருந்தவரை ஒவ்வொரு காலையும் அங்கே குனிந்தார்.

இப்போது அவர் இல்லை. தடுப்பை எடுத்துவிட்டு ஹாலைப் பழையபடி ஆக்க வேண்டும் என்று அண்ணன் போன வாரம் கூப்பிட்டிருந்தார். கைத்தடத்தைச் சுற்றி மறுபடியும் அறுத்து எடுத்தேன். ஹோல்சாவின் விளிம்பில் இரண்டு வீட்டுத் தூளும் கலந்திருந்தது. இனி அதை ஹாலின் செங்கல் சுவரில் எந்த உயரத்தில் வைப்பது என்று கேட்கத் திரும்பினேன். அண்ணன் அதற்குள் கையில் பென்சிலோடு சுவரோரம் குனிந்திருந்தார்.