விரல் மடக்கித் தட்டும் நர்ஸம்மா

நான் ஜீப் ஓட்டிய ஆஸ்பத்திரியில் நார்வேக்கார நர்ஸம்மா ஒருத்தர் இருந்தார். வெயிலில் சிவந்த மூக்கு. எதை உறுதியாகச் சொன்னாலும் விரல் மடக்கி மேசையில் ஒரு தட்டு.

அவருடைய அப்பா பொம்மிடியில் ரயிலிறங்கிய நாளில் வார்டில் பிரசவம். நான் தனியாகப் போக வேண்டும். அப்பாவுக்கு இங்கிலீஷும் வராது. நான் அஞ்சாவதோடு நின்றவன். என்னை நம்பி வண்டியேறுவாரா என்று நர்ஸம்மாவிடமே கேட்டேன்.

"சூக்கெஹூஸ்னு சொல்லுங்க டிரைவர். எங்க பாஷையில ஆஸ்பத்திரி. சூக்கென்னா சீக்கு, ஹூஸ்னா வூடு. அங்க பிரிச்சு, முதல் துண்டுல அழுத்துங்க." 'சூ'வில் மேசை அதிர்ந்தது. எனக்குச் சரியாக வரும்வரை விடவில்லை.

ஸ்டேஷனில் அப்படியே சொன்னேன். பெரியவர் முகம் மலர்ந்து, வழியெல்லாம் என்னவோ கேட்டுக்கொண்டே வந்தார். பயத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

சாயங்காலம் நர்ஸம்மா ஜீப்புக்கு வந்தார். "நீங்க எங்க பாஷை பேசுவீங்கன்னு நெனச்சுட்டார். மக என்கூட ஊருக்கு வந்துடுவாளான்னு கேட்டாராம். நீங்க தலையாட்டினீங்களாம்."

"ஐயோ, இப்ப என்னங்க பண்றது?"

"நான் சொல்லிக்கிறேன். நான் போகல." பானெட்டில் ஒரு தட்டு.

பெரியவர் தனியாகத்தான் ரயிலேறினார். வண்டி மறைந்த பிறகும் நர்ஸம்மாவின் விரல் மடங்கியே இருந்தது. ஆனால் அன்றைக்கு அவர் எதையும் தட்டவில்லை.