நான் நடுவுல பாத்த வள்ளம்

எனக்க அண்ணன் பைக்ல போகும்போ அடிபட்டு போயிட்டான். பைபர் வள்ளம் கட்டுற யார்டுல அவன்தான் கம்ப்யூட்டர் கணக்கு. அலை அடிச்சா வள்ளம் எங்க தாங்கும், எங்க ஒடியும்னு படத்துல கலர் காட்டும். நீலம்னா பயமில்ல, செவப்புன்னா ஆபத்து. நான் பத்தாம் கிளாஸ் தோத்தவ. அதே யார்டுல உப்புத்தாள் தேய்ப்பு வேல. அவன் பக்கத்துல உக்காந்து கடலை தின்னுகிட்டு பாத்த பழக்கத்துல, "பாக்கி கணக்க நான் முடிக்கேன்"னு மொதலாளிகிட்ட பறஞ்சுட்டேன். வேற ஆளு அவனுக்க லாப்டாப்ப தொடப்பிடாது, அவ்வளவுதான். அறிவு ஒண்ணும் இல்ல.

வள்ளம் கடியப்பட்டணத்துல ஒருத்தருக்கு. அவரும் அவருக்க தம்பியும் கடல் தொழிலுக்கு போறது.

கணக்கு ஓட்டுறதுக்கு முன்னால என்னென்ன ரிசல்ட் வேணும்னு டிக் போடணும். வள்ளத்த கோழிமுட்டத்தோடு மாதிரி மெல்லிசா எடுத்துக்கிடும், அதுக்கு ஷெல்லுன்னு பேரு. அதுல டாப், மிடில், பாட்டம்னு மூணு எடத்துல அழுத்தம் காட்டும். எல்லாத்துக்கும் டிக் போட்டேன். எடமில்லன்னு நின்னுட்டு. லாப்டாப் நெறைய அவனுக்க வீடியோ. நாய்க்கு கண்ணாடி மாட்டிவிட்டு சிரிக்கான், அம்மைய ஆடச் சொல்லி வம்பு பண்ணுகான். அதுல ஒண்ண அழிக்கதுக்கு என்னைய அழிக்கலாம். பென்டிரைவுல மாத்தலாமேன்னு கேப்பிய. மாத்தும்போ போயிட்டுன்னா? எனக்க புத்தி இப்போ இப்படித்தான் போவுகு.

சரி, ஒண்ணு மட்டும் எடுப்போம். நெய்மீன் வாங்கப் போனா நாங்க நடுத்துண்டுதான் கேப்போம். மிடிலுக்கு டிக் போட்டேன். வள்ளம் பூரா நீலம்!

மொதலாளி பாத்துட்டு, "எட்டி, அப்போ அடியில ஒரு மேட்டு கொறச்சிரலாமா?"ன்னாரு. மேட்டுன்னா ரெசின் தடவி ஒட்டுற பைபர் விரிப்பு.

"ரெண்டு கூட கொறைக்கலாம்"னேன். என்ன கெத்து!

அந்தப் பெருமையில படத்த அண்ணனுக்க கூட்டுக்காரனுக்கு அனுப்புனேன். துபாய்ல அவனுக்கும் இதே வேல. உடனே விளிச்சான்.

"மக்கா, மிடிலா எடுத்த?"

"ஆமா. ஏன்?"

"தகடு வளையும்போ ஒரு பக்கம் இழுபடும், மறுபக்கம் அமுங்கும். நடுவுல ஒண்ணும் தெரியாது. ஒடியுறது டாப்புலயும் பாட்டத்துலயும்தான். கடலுக்கு போறவன கொல்லப் பாத்தியா?"

"லாப்டாப்ல எடமில்ல அண்ணா."

"அதுக்கு? அலை அறையுற அந்த நேரத்துக்க அழுத்தம் மட்டும் எடு, டாப்பும் பாட்டமும். மத்த டிக்க எல்லாம் களை."

களைஞ்சேன். ஓடிச்சு. முன்னால அணியத்துக்கு அடியில, அலைய மொதல்ல வாங்குற எடத்துல, பழுத்த மொளகா மாதிரி செவப்பு. அண்ணன் பாத்திருந்தா சிரிச்சே செத்திருப்பான். எழுதுன பெறகுதான் உறைக்கு, என்ன எழுதியிருக்கேன்னு. இருக்கட்டும், இதுக்கும் சிரிப்பான்.

மறுநாள் மொதலாளிகிட்ட போயி, "கொறைக்கப்பிடாது. அங்க ஒரு மேட்டு கூட்டணும்"னேன்.

"நேத்து கொறைக்கச் சொன்னது யாரு, உனக்க ஆவியா?"

"நேத்து நான் முட்டாளு மொதலாளி."

"இன்னைக்கு?"

"இன்னைக்கும்தான். ஆனா படம் சரி."

செவப்பு எடத்த வெரலால தொட்டுப் பாத்தாரு. பெறகு மேட்டு வெட்டச் சொன்னாரு. மறுமுனைய பிடிக்க ஆளில்ல. வள்ளம் பாக்க வந்த கடியப்பட்டணத்துக்காரரு அவருக்க தம்பியப் பிடிக்க விட்டாரு. "ஏலே, கோணலா பிடிக்காத." "நீதாம்ல கோணல்." அண்ணனுக்கும் தம்பிக்கும் சண்ட. ரெசின் நெடியில கண்ணு எரியுகுன்னேன். ஏன் கண்ணு கலங்குகுன்னு யாரும் கேக்கவே இல்ல.