மூன்றாம் தொழிலாளி

எம்.ஏ. முதல் வருடத்தில் நான் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த முதல் ஆய்வுக் கட்டுரை, ஓரமெல்லாம் சிவப்பு மையோடு திரும்பி வந்தது. அதில் பிழையான வாக்கியம் ஒன்றுகூட இல்லை. எனக்கு அதில் அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை. ஆனால் பத்திக்குப் பத்தி பேராசிரியை ஒரே கேள்வியை எழுதியிருந்தார்: யார் சொன்னது?

எங்கள் தெருவில் அந்தக் கேள்வியைக் குழாயடியில்தான் கேட்பார்கள். அடுத்து குடம் உருளும். அவர் என்னைச் சண்டைக்கு இழுப்பதாகவே எனக்குப் பட்டது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மாவும் நைனாவும் ஊத்துக்கோட்டைப் பக்கம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். தேர்வாய் கண்டிகையில் கம்பெனிகள் வந்த பிறகு அம்மா அங்கே பேக்கிங் வேலைக்குப் போகிறார். பள்ளியில் ஆங்கிலக் கட்டுரை என்றால் என்னுடையதைத்தான் எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார்கள். எந்தத் தலைப்பு கொடுத்தாலும் ‘இந்த நவீன உலகத்தில்’ என்று தொடங்கி, மனப்பாடம் செய்து வைத்திருந்த வாக்கியங்களை வரிசையாக இறக்குவேன். எம்.ஏ. கட்டுரையையும் அப்படியே தொடங்கினேன். தொழிற்சாலைகள் வந்தபின் எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோரும் சுதந்திரமாகிவிட்டார்கள், யாரையும் எதற்கும் கேட்க வேண்டியதில்லை என்பது அதன் சாரம். அம்மாவை மனதில் வைத்துத்தான் எழுதினேன்.

துறையின் மாணவர் கருத்தரங்குக்குக் கட்டுரைகளைத் தேர்ந்தெடுக்கும் நேரம் அது. திருத்தி எழுதினால் பார்க்கலாம் என்றார் பேராசிரியை. எனக்கு அந்த மேடை வேண்டும். நகரத்துப் பள்ளிகளில் படித்து வந்தவர்கள் முன்னால் மைக் பிடித்து, என் கட்டுரையை என் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும். போனில் கொடுத்தால் அதுவே சரிசெய்து தந்துவிடும் என்றாள் வகுப்புத் தோழி. எனக்கு ஆங்கிலம் வரும் என்று சொல்லிவிட்டு நேராகப் பேராசிரியையின் அறைக்குப் போனேன்.

“நான் அந்த ஊர்தான் மேடம். எனக்குத் தெரியும்.”

“உனக்குத் தெரியும். படிக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்?”

யாராவது ஆராய்ந்து எழுதியிருந்தால் அதைக் காட்டு, இல்லாவிட்டால் போய்க் கேட்டு வா என்றார். நூலகத்தில் தேடினேன். வேறு ஊர்களைப் பற்றி நிறைய இருந்தது. எங்கள் ஊரைப் பற்றி ஒரு வரி இல்லை. ஆகவே ஒரு நாள் காலையில், அம்மா ஏறும் கம்பெனி வேன் நிற்கும் இடத்துக்கு நானும் போனேன். எதற்கென்று சொல்லி, சம்மதம் கேட்டு, போனில் பதிவு செய்தேன். வேலைக்குப் போவது யார் எடுத்த முடிவு என்பதுதான் கேள்வி.

முதலில் நின்ற அக்கா, மாமியார் முடிவு என்றார். அடுத்தவர், “முடிவா? வேன்காரன் ஆரன் அடிச்சா ஏறிக்கினு போறதுதான்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்து அம்மா. என் கட்டுரையில் உள்ளதையே சொல்லப்போகிறார் என்ற நம்பிக்கையில் போனை நீட்டினேன்.

“வேலைக்குப் போன்னு சொன்னது உங்க நைனாதான். அப்பால, போதும், ஊட்டோட நில்லுன்னு சொன்னதும் அவருதான். நான்தான் நிக்கல.”

வேன் வந்துவிட்டது. ஏறிப் போய்விட்டார்.

கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறி, அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். நைனா நில் என்று சொன்னது எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். என் கட்டுரை அந்த மூன்று வாக்கியங்களைத் தாங்கவில்லை. அவற்றை விட்டுவிட்டு எழுதவும் எனக்கு மனம் வரவில்லை.

முதலில் இருந்து எழுதினேன். நவீன உலகம் போயிற்று. ‘எல்லோரும்’ என்பது ‘நான் பேசியவர்களில் சிலர்’ என்று ஆனது. அப்படி எழுதுவது பயந்தவர்கள் வேலை என்று நினைத்திருந்தேன்; எழுதிப் படித்தபோது அந்த வரியை யாராலும் அசைக்க முடியாது என்று தெரிந்தது. அம்மா சொன்னதை ஆங்கிலத்தில் கொண்டுவருவதுதான் பெரும்பாடு. தன் உரிமையை நிலைநாட்டினார் என்கிற மாதிரி ஒரு பெரிய வாக்கியம் எழுதினேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அதில் அம்மா இல்லை. அடித்துவிட்டு, அவர் சொன்ன வரிசையிலேயே சின்னச் சின்ன வாக்கியங்களாக வைத்தேன். யாரோ அனுப்பி வேலைக்கு வந்தவர்கூட, நில் என்று சொன்னபோது நிற்காமல் இருக்கலாம் என்பதே என் வாதம் ஆயிற்று. கட்டுரை பாதியாகச் சுருங்கியிருந்தது. பேராசிரியை ஓரத்தில் ஒன்றும் எழுதாமல் கருத்தரங்குப் பட்டியலில் சேர்த்தார்.

மேடையில் நான் படித்து முடித்ததும் பின்வரிசையில் ஒருவன் எழுந்து, எந்த ஆதாரத்தில் இதைச் சொல்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டான். யார் சொன்னார்கள், எங்கே, என்ன கேட்டபோது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். உட்கார்ந்துவிட்டான்.

அன்று வீட்டில் அம்மா கட்டுரையை வாங்கிப் புரட்டி, தான் எங்கே இருக்கிறேன் என்று கேட்டார். விரல் வைத்துக் காட்டினேன். ‘மூன்றாம் தொழிலாளி’ என்று படித்தும் சொன்னேன். கம்பெனிக்குத் தெரிந்தால் வம்பு என்பதால் பெயர் போடவில்லை என்றேன்.

“பேரு வேணாம், செரி. அது இன்னாடி மூணு? பெத்தவ நானு.”

“நீதான் அன்னிக்கு மூணாவதா நின்னுக்கினு இருந்த.”

அம்மா அந்த வரியை இன்னொரு தரம் பார்த்தார். நைனா வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அம்மா தாளை மடிக்காமல் என்னிடம் கொடுத்தார்.

“அந்த நிக்கலன்றதைப் படி. அவரும் கேக்கட்டும்.”