பொத்தான் இல்லாத பாட்டுப் பெட்டி

தென் கொரியாவில், சோல் நகரத்தின் மாப்போ பகுதியில், பன்றி விலா சுடுகிற கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் உடம்பு பிடித்துவிடும் நிலையம் ஒன்று இருந்தது. அங்கே இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்தவர் சுன் மான்போக். ஒன்பது வயதில் வந்த காய்ச்சல் இரண்டு கண்ணையும் கொண்டுபோய்விட்டது. பார்வையற்றோர் பள்ளியில் இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டார். அவர் கை பட்டால் பத்து வருடத்து முதுகுவலியும் இளகிவிடும் என்று வாடிக்கையாளர்கள் சொல்வார்கள். கூடவே இன்னொன்றும் சொல்வார்கள்: அந்த ஆளுக்கு ரத்தத்தில் பாதி சந்தேகம்.

பொய்யில்லை. மீன்காரி 'இன்னைக்குப் பிடிச்சது' என்றால் செவுளுக்குள் விரலை விட்டுப் பார்ப்பார். டாக்டர் மாத்திரை கொடுத்தால் பழைய மாத்திரையோடு சேர்த்து உருட்டிப் பார்த்துவிட்டுத்தான் விழுங்குவார். மனைவி யோன்சுன் தூங்கிவிட்டேன் என்று காட்டிக்கொண்டால், மூச்சைக் கவனித்துவிட்டு, "நடிக்காதே" என்பார். யோன்சுனுக்குக் கொஞ்சம் நிழல் தெரியும். அவளும் அதே நிலையத்தில்தான் வேலை பார்த்தாள்.

அவர் அப்படி ஆனதற்குக் காரணம் உண்டு. பள்ளியை விட்டு வந்த புதிதில், முதல் சம்பளத்தில், யோங்சான் மின்சாமான் சந்தைக்குப் போய் ஒரு கேசட் பெட்டி வாங்கினார். வீட்டுக்கு வந்து பிரித்தால் உள்ளே செய்தித்தாளில் சுற்றிய மரக்கட்டை. எடை மட்டும் இம்மி பிசகவில்லை. சோல் ஊரில் கண் திறந்திருக்கும்போதே மூக்கை அறுத்துக்கொண்டு போவார்கள் என்று அங்கே ஒரு பழமொழி. "கண்ணு திறந்தவனுக்கே அந்தக் கதி. எனக்கு எத்தனை மூக்கு இருந்தாலும் பத்தாது," என்பார் மான்போக்.

அப்படிப்பட்டவர் மனிதர்களைவிட அதிகமாக நம்பிய பொருள் ஒன்று இருந்ததென்றால், அது சுண்டுவிரல் நீளத்தில் இருந்த ஒரு பாட்டுப் பெட்டி. அதில் அவர் பாட்டுக் கேட்டதில்லை. பார்வையற்றோர் நலச்சங்க நூலகத்தில் தொண்டர்கள் வாசித்துப் பதிவு செய்த நாவல்களைக் கேட்டார். ஐந்து பொத்தான், ஐந்தும் ஐந்து விதமாக விரலுக்குத் தட்டுப்படும். நான்கு வருடம் உழைத்த அந்தப் பெட்டி, இரண்டாயிரத்து ஒன்பதாம் வருடம் வசந்தத்தில், வாடிக்கையாளர் கால் ஊறவைத்திருந்த வெந்நீர்த் தொட்டியில் நழுவி விழுந்து செத்துப்போனது. அவர் கேட்டுக்கொண்டிருந்த நாவலில் அப்போதுதான் ஒருத்தி மாமியாரின் அலமாரியைத் திறந்திருந்தாள்.

மறுநாளே யோங்சானுக்குப் போனார். மூன்றாவது மாடியில் கூ என்பவரின் கடை.

"அந்த மாடலை கம்பெனியே நிறுத்திடுச்சு முதலாளி," என்றார் கூ. அந்தச் சந்தைக்கு வருகிறவர்கள் எல்லோருமே முதலாளிதான். "அதையே மாத்திப் புதுசா விட்டிருக்காங்க. கையை நீட்டுங்க."

உள்ளங்கையில் வழவழவென்று ஒரு தகடு வந்து விழுந்தது. மான்போக் புரட்டினார். நகத்தால் தட்டினார். காதருகே குலுக்கினார். மோந்து பார்த்தார்.

"இது டை கிளிப்பு," என்றார்.

"பாட்டுப் பெட்டிங்க."

"பொத்தான் எங்க?"

"பெட்டியில பொத்தானே கிடையாது. எல்லாம் இயர்போன் ஒயர்ல இருக்கு. அதுதான் புது மோஸ்தர்."

"கதவை வீட்டுல வெக்காம தெருக்கோடியில வெச்சிருக்கேங்கறீங்க."

அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் எழுந்தது. கொஞ்சம் கரகரத்த, நடுவயதுக் குரல். "இதையா கேக்கறீங்க? நான் போன வாரம் வாங்கினேன். காலர்ல மாட்டினா இருக்கிறதே தெரியல. ஆயிரம் பாட்டு பிடிக்குது. கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்."

கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று தன்னிடமே ஒருத்தி சொல்கிறாளே என்று மான்போக் யோசித்து முடிப்பதற்குள், பூட்ஸ் சத்தத்தோடு இன்னொருவர் வந்தார். டாக்சி ஓட்டுபவர்.

"இந்தா, உன் பொருளை நீயே வெச்சுக்க," என்றார். "என்கிட்ட இருக்கிற நல்ல இயர்போனைச் சொருகினா பாட்டு நிக்கமாட்டேங்குது, மாறவும் மாட்டேங்குது. அவனுங்க ஒயரைத்தான் மாட்டணுமாம். அதையாவது மாட்டினா, ஒரு தடவை அமுக்கினா நிக்குதாம், ரெண்டு அமுக்குக்கு அடுத்த பாட்டு, மூணு அமுக்குக்கு முந்தின பாட்டு. சிக்னல்ல நின்னுக்கிட்டு நான் பாட்டுக் கேக்கவா, தந்தி அடிக்கவா?"

மான்போக்குக்குத் திருப்தியாக இருந்தது. பணத்தைத் திருப்பிக் கேட்கிறவன் பொய் சொல்லமாட்டான் என்பது அவர் கணக்கு. தகட்டை மேசையில் வைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பினார்.

இரண்டு நாள்தான் தாங்கியது. அலமாரிக்குள் என்ன இருந்தது என்று தெரியாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. "மாமியாரோட பழைய செருப்பு இருந்திருக்கும். விடுங்க," என்றாள் யோன்சுன். பழைய மாடல் எங்காவது மிஞ்சிக் கிடக்கிறதா என்று கேட்கக் கடைக்குப் போன் போட்டார்.

"வணக்கம், கூ மின்சாமான் கடை," என்றது மறுமுனை.

அதே கரகரத்த குரல்.

மான்போக் போனை வைத்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. காணாமல்போன சாவி தன் பையிலேயே கிடைத்தவனுடைய சந்தோஷம் வந்தது. மறுநாள் மதியச் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டுப் போனார். கூ கடையில் இல்லை. "வாங்க முதலாளி," என்றது அந்தக் கரகரத்த குரல்.

"போன வாரம் வாங்கினீங்களே தங்கச்சி, எப்படி ஓடுது?"

"யாரு... முதலாளி, நீங்க வேற யாரையோ..."

"என் முதுகுக்குப் பின்னாடி நின்னு கண்ணை மூடிக்கிட்டு வாங்கச் சொன்னீங்க. எனக்குக் கண்ணுதான் தெரியாது. காது நாலு பேரு காதுக்குச் சமம்."

நாற்காலி கிரீச்சிட்டது. அவள் உட்கார்ந்துவிட்டாள். "கூவோட அண்ணி நான். பேரு இன்ஜா," என்றாள். "என்ன செய்யச் சொல்றீங்க? இதை வாங்கினவங்கள்ல பாதிப் பேரு திட்டறாங்க, பாதிப் பேரு கொஞ்சறாங்க. திட்டறவங்க கடைக்கு வந்து திட்டறாங்க. கொஞ்சறவங்க வீட்டுலயே இருந்துடறாங்க. அவங்க பங்கை நான் சொல்லிக்கிட்டிருந்தேன்."

"நீங்க கேட்டிருக்கீங்களா இதுல?"

"பாட்டுக் கேட்டதில்ல. அது பேசுறதை மட்டும் ஒரு தடவை கேட்டேன்."

"எது பேசுது?"

"இந்தப் பெட்டிதான். ஒயர்ல இருக்கிற பொத்தானை அமுக்கிப் பிடிச்சா, ஓடுற பாட்டோட பேரை ஒரு பொண்ணு சொல்லும். சும்மா ஒரு வேடிக்கை. முதல் வேலையா அதை நிறுத்திக் குடுங்கன்னுதான் எல்லாரும் கேக்கறாங்க."

பழைய பெட்டியில் எந்த நாவலின் எந்த அத்தியாயம் ஓடுகிறது என்று கண்டுபிடிக்க, நான்கு வருடமாக அழுத்தல்களை எண்ணியே காலம் தள்ளியவர் மான்போக். இடையில் யாராவது கூப்பிட்டால் எண்ணிக்கை போய்விடும். மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டும்.

"குடுங்க," என்றார்.

இன்ஜா இயர்போனை அவர் காதில் வைத்துப் பொத்தானை அமுக்கினாள். பாட்டுக்கு நடுவே ஒரு பெண் தெளிவாகப் பாட்டின் பெயரைச் சொன்னாள்.

"இந்தப் பொண்ணும் உங்க வீட்டுப் பொண்ணா?" என்று கேட்டார் மான்போக்.

இன்ஜா சிரித்துவிட்டாள். மூன்று நாள் வைத்திருந்து பார்த்துவிட்டுப் பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்று எழுதிக் கொடுத்தாள். அதை நிலையத்துக்கு வந்த இரண்டு வாடிக்கையாளர்களிடம் தனித்தனியாகக் கொடுத்து வாசிக்கச் சொன்ன பிறகுதான் அவருக்கு மனம் ஆறியது.

அந்த மூன்று நாளும் அந்தப் பெட்டியைப் படாத பாடு படுத்தினார். நூலகத்தில் சொல்லி, ஒரு அத்தியாயத்துக்கு வேண்டுமென்றே தப்புப் பெயர் எழுதவைத்தார். பெட்டிப் பெண் அந்தத் தப்புப் பெயரையே கூசாமல் சொன்னாள்.

"பார்த்தியா, பொய் சொல்லுது."

"எழுதி வெச்சதைப் படிக்குது," என்றாள் யோன்சுன், சோயா விழுதுக் குழம்பைக் கிண்டிக்கொண்டே. "பொய் சொன்னது நீங்க. அதை மாட்டிவிடறீங்க."

அலமாரிக்குள் இருந்தது செருப்பல்ல, மருமகள் பிறந்த வீட்டுக்கு எழுதிய கடிதங்கள். ஒன்றும் போய்ச் சேரவில்லை. அதைக் கேட்டு முடித்ததோடு மூன்று நாள் தவணையும் முடிந்தது; மான்போக் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஆனால் டாக்சிக்காரர் சொன்னதும் பலித்தது. இரண்டாம் மாதம், உடம்பு பிடிக்கிற எண்ணெய்க் கை பட்டுப் பட்டு ஒயர்ப் பொத்தான் ஒட்டிக்கொண்டது. பெட்டிக்கு ஒரு குறையும் இல்லை; ஆனால் அதை நிறுத்தவோ மாற்றவோ வழியில்லை. கம்பெனி ஒயர் வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். மான்போக் கம்பெனிக்குக் கடிதம் எழுதவைத்தார். அவரைப்போல நிறையப் பேர் எழுதியிருப்பார்கள் போலும். வாங்கியவர்களின் கருத்தைக் கேட்கக் கூட்டம் போட்டிருப்பதாகவும், அவரும் வரவேண்டும் என்றும் பதில் வந்தது.

"எதுக்குக் கூப்பிடறான்?" என்று ஒரு வாரம் யோசித்தார். "வாயை அடைக்கத்தான்."

கூட்டத்தில் ஏறக்குறைய சண்டையே நடந்தது. இதைவிட அழகான பொருளைப் பார்த்ததில்லை என்றாள் ஒரு கல்லூரிப் பெண். ஓடும்போது ஒயரைத் தேடுவதற்குள் பாட்டே முடிந்துவிடுகிறது என்றார் தினமும் ஓடுகிற ஒருவர். பேசுகிற பெண்ணை முதலில் ஒழியுங்கள் என்று மூன்று பேர் சேர்ந்து சொன்னார்கள். மான்போக் எழுந்தார்.

"பொத்தானைப் பெட்டிக்கே கொண்டாங்க," என்றார். "அந்தப் பொண்ணு மேல கை வெக்காதீங்க. உங்களுக்கெல்லாம் பேரைப் பார்க்க வேற வழி இருக்கு. எனக்கு அவ ஒருத்திதான்."

கூட்டம் முடிந்ததும் கம்பெனி அதிகாரி வந்து, அவசியம் பரிசீலிக்கிறோம் என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். வீட்டுக்கு வந்ததும் மான்போக் சொன்னார்: "அந்தக் கையில ஒரு இறுக்கமும் இல்ல. இனிமேதான் முடிவு எடுக்கணும்னா அப்படி இருக்காது. புது மாடலை ஏற்கெனவே செஞ்சு பெட்டியில போட்டு வெச்சிருக்கானுங்க."

"உங்களுக்குச் சாமியே வந்து நின்னாலும் கையைப் பிடிச்சுப் பார்ப்பீங்க," என்றாள் யோன்சுன்.

அடுத்த வருடம் இலையுதிர் காலத்தில் புது மாடல் வந்தது. பொத்தான்கள் வட்டமாகப் பெட்டிக்கே திரும்பியிருந்தன. பேசுகிற பெண்ணும் இருந்தாள். யோன்சுனுக்குப் பெருமை தாங்கவில்லை. "உங்க பேச்சைக் கேட்டுட்டாங்க," என்று நிலையம் முழுக்கச் சொல்லித் திரிந்தாள்.

"என் பேச்சைக் கேட்டா செஞ்சான்?" என்றார் மான்போக். "பொத்தானோட ஒண்ணு வித்தான். பிடுங்கிட்டு ஒண்ணு வித்தான். திரும்ப ஒட்டி ஒண்ணு விக்கறான். மூணு தடவை வியாபாரம்." சொன்னாரே தவிர, அந்த வாரக் கடைசியிலேயே யோங்சானுக்குக் கிளம்பிவிட்டார்.

இன்ஜாதான் கடையில் இருந்தாள். புதுப் பெட்டியை அவர் கையில் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நின்றாள். அவர் நேரம் எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, வாயைத் திறக்கல? கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்னு சொல்லுங்க."

"சொல்லமாட்டேன்."

"சரி, இதுல என்ன குறைன்னாவது சொல்லுங்க."

இன்ஜா கொஞ்சம் தயங்கினாள். "கிளிப்பு தளர்வா இருக்கு," என்றாள். "சட்டையில நிக்கும். தடிச்ச கோட்டுல மாட்டினா நழுவிடும். ரெண்டு பேரு தொலைச்சிட்டு வந்துட்டாங்க."

மான்போக் தன் கோட்டு விளிம்பில் அதை மாட்டிவிட்டுத் தோளைக் குலுக்கினார். அது வழுக்கிக்கொண்டு அவர் கையிலேயே விழுந்தது. மறுபடியும் மாட்டிக் குலுக்கினார். மறுபடியும் விழுந்தது.

"ஆமா, நழுவுது," என்றார் நிதானமாக. பிறகு பணப்பையை எடுத்தார். "ரெண்டாக் குடுங்க. ஒண்ணு யோன்சுனுக்கு."